சிலிண்டரை மூடும் பழக்கம்: கமாரோவில் ஆறு ஆண்டு நைட்ரஸ்

என்னுடையது 2002 மாடல் செவ்ரொலே கமாரோ இசட்28. 5.7 லிட்டர் எல்.எஸ்.1 என்ஜின், நிறுவனக் கணக்கில் 310 குதிரைத்திறன். அலுவலகத்துக்கும் கடைக்கும் இதில்தான் போகிறேன். மாதத்தில் ஓரிரு இரவுகள் டல்லாஸுக்குத் தெற்கே எனிஸில் இருக்கும் டெக்சாஸ் மோட்டார்ப்ளெக்ஸ் பந்தய ஓடுதளத்தில் கால் மைல் ஓட்டுகிறேன். என்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைப் பாய்ச்சிக் கூடுதலாக 100 குதிரைத்திறன் தரும் அமைப்பைப் பொருத்தி ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. முன்பு 13.4 விநாடி எடுத்த கார், இப்போது நல்ல இரவில் 12.2 விநாடியில் ஓடுகிறது. என்ஜினை ஒருமுறைகூடப் பிரிக்க நேரவில்லை. இதை எழுதத் துணிந்தது அதனால்தான்.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. எடைக் கணக்கில் அதில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 சதவீதம்தான். சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது உடைந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலும் அதே அளவுக்குக் கூட வேண்டும்; பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும். ‘நைட்ரஸ் என்ஜினைத் தின்றுவிட்டது’ என்று புலம்புகிறவர்களிடம் பொறுமையாக விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் பெட்ரோல் பற்றாமல் போன கதைதான் வெளிவரும். ஆகவே நைட்ரஸ் சிலிண்டர் வாங்குவதற்கு முன்பே பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். இந்தக் காரில் பெட்ரோல் அழுத்தம் 58 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். அது 50க்குக் கீழே இறங்கினால் நைட்ரஸைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அந்தச் சிறு சுவிட்ச் இல்லாமல் யாரும் இதைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் மட்டுமே என் காரில் நைட்ரஸ் பாயும். அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 3000 முதல் 5900 சுற்றுகள் சுற்றும்போது மட்டும். குறைந்த சுற்றில் பாய்ந்தால் என்ஜினின் சிலிண்டர்களுக்குள் அழுத்தம் எகிறும். மேல் எல்லைக்கும் காரணம் உண்டு: 6200 சுற்றை ஒட்டி கணினி பெட்ரோலை நிறுத்திவிடுகிறது, அந்த நொடியில் நைட்ரஸ் மட்டும் உள்ளே போனால் என்ஜின் பாழ். இந்த மாடலின் பின் அச்சும் பலவீனமானது, அதனால் கார் நகர்ந்த பிறகே நைட்ரஸ் பொத்தானுக்கு வேலை கொடுக்கிறேன்.

ஸ்பார்க் நேரத்தை 4 டிகிரி பின்தள்ளியிருக்கிறேன். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த (அதாவது சூட்டை விரைவாகக் கடத்தும்) என்.ஜி.கே. டி.ஆர்.6, இடைவெளி 0.9 மில்லிமீட்டர். பெட்ரோல் 93 ஆக்டேன், அதற்குக் குறைந்து போட்டதில்லை. ஒவ்வோர் இரவும் முதல் ஓட்டம் முடிந்ததும் ஒரு பிளக்கைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் வெள்ளைப் பீங்கானைப் பார்க்கிறேன். மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகளோ தெரிந்தால் அன்று அத்தோடு சரி.

மூன்றாம் ஆண்டில்தான் அடி விழுந்தது. இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே நாற்பது நிமிடம் சிலிண்டர் வால்வைத் திறந்தபடியே விட்டிருந்தேன். சாவியைத் திருப்பியதும் பட்டாசுக் கட்டு வெடித்ததுபோல ஒரு சத்தம். என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு நீளவாக்கில் பிளந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. வீட்டுக்கு வந்து, நைட்ரஸைத் திறந்து மூடும் மின் வால்வான சோலனாய்டைப் பிரித்தேன். உள்ளே பொத்தான் அளவுள்ள வெள்ளை டெஃப்லான் சீல். அதில் வால்வு வாய் பதிந்த வட்டத் தடம். அந்த வட்டத்தின் மேல், நகத்தால் நெருடினால் மட்டுமே தட்டுப்படும்படி, மெல்லிய இழை ஒன்று அழுந்தியிருந்தது. பொருத்திக் கொடுத்த பட்டறையில் குழாய் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தார்கள்; அதிலிருந்து பிய்ந்த நூல் அது. அந்த நூலளவு இடைவெளி வழியாக நாற்பது நிமிடமும் நைட்ரஸ் மேனிஃபோல்டுக்குள் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து இணைப்புகளுக்கு டேப் கிடையாது, அதற்கென உள்ள பசைதான். சீல்களைக் குளிர்காலம்தோறும் மாற்றுகிறேன். வரிசையில் என் முறை நெருங்கும்போதுதான் வால்வைத் திறக்கிறேன். ஓடி முடித்துத் திரும்பியதும் முதல் வேலை அதை மூடிக் குழாயைக் காலி செய்வது. கார்களுக்கு விற்கும் நைட்ரஸில் கந்தக டை ஆக்சைடு சிறிதளவு சேர்த்திருப்பார்கள், யாரும் போதைக்காக முகரக்கூடாது என்பதற்காக. கசிவைக் காட்டிக்கொடுப்பதும் அந்தக் காரமான நெடிதான். நெடி வந்தால் இக்னிஷன், இன்ஜெக்டர் ஃபியூஸ்களைக் கழற்றி, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டு உள்ளே இருப்பதை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்வேன்.

சிலிண்டரின் சூடு தனிக் கதை. 21 டிகிரியில் அழுத்தம் 760 பி.எஸ்.ஐ.; எனக்கு வேண்டியது 900 முதல் 950. குளிர்ந்த இரவுகளில் தெர்மோஸ்டாட் உள்ள போர்வை ஹீட்டரைப் பயன்படுத்துகிறேன். நெருப்பைக் காட்டிச் சூடாக்குவதை அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகள் தடைசெய்திருக்கின்றன, விதியே இல்லாவிட்டாலும் உயிர்மேல் ஆசையுள்ளவர் செய்ய மாட்டார். டெக்சாஸ் கோடையிலோ நிலைமை தலைகீழ்: ஈரத்துணி போர்த்திக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. அழுத்தம் மிஞ்சி சிலிண்டரின் பாதுகாப்பு வட்டு உடைந்தால் வாயு காருக்குள் வராதபடி குழாய் வைத்து வெளியே விட்டிருக்கிறேன். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய நீரழுத்தச் சோதனையும் சென்ற ஆண்டு முடிந்தது. பந்தயம் இல்லாத நாட்களில் சிலிண்டர் காரிலேயே இருப்பதில்லை.

10 பவுண்டு சிலிண்டர் எனக்கு எட்டு ஓட்டங்களுக்கு வருகிறது. 150 குதிரைத்திறனுக்கான ஜெட்டுகளும், அதாவது பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை முனைகளும், வாங்கினேன். அவை உறைகூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. நல்ல டயரும் குளிர்ந்த காற்றும் சேர்ந்தால் அவற்றோடு 11.49 விநாடியை நெருங்கிவிடலாம். அந்த நேரத்தைத் தொட்டால் இந்தக் காருக்கு ரோல் பார், அதாவது கார் உருண்டால் உள்ளிருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம், கட்டாயம். ஓடுதளத்தில் ஹெல்மெட் போட்டிருப்பேன், சரி. ஆனால் மறுநாள் காலை பள்ளிக்குப் போக என் மகள் பின் இருக்கையில் ஏறுவாள். ஹெல்மெட் இல்லாத அந்தத் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயை வைக்க எனக்கு மனமில்லை.