வைட்டமின் மாத்திரையா, ஆஸ்பிரினா?

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் நோயான பிரீ-எக்ளாம்சியாவில் நஞ்சுக்கொடியைக் கெடுப்பது ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுவது) என்றால், அதை அடக்கும் வைட்டமின் சி, ஈ போதாதா? பலர் கேட்பது இது.

செலவு: இரண்டும் மலிவு.

பலன்
வைட்டமின்: 1999-இல் 283 பேரிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு நம்பிக்கை தந்தது. 2006-இல் 2,400 பேரிடம் சோதித்தபோது நோய் குறையவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் கூடின. கருப்பை ரத்தக்குழாய்கள் விரியாததில் தொடங்கும் கோளாறு இது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் அதன் புகைதான்; புகையை விசிறினால் நெருப்பு அணையுமா?
ஆஸ்பிரின்: 2017 ஆஸ்ப்ரே ஆய்வில் தினமும் இரவு 150 மி.கி. எடுத்தவர்களில், 37 வாரத்துக்குள் பிரசவிக்க வைக்கும் வகை பிரீ-எக்ளாம்சியா வந்தது 1.6 சதவீதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு.

தொடக்கம்: ஆஸ்பிரினைக் கர்ப்பத்தின் 16 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

முன்பே இந்நோய் வந்தவர், நாள்பட்ட ரத்தக்கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்: டாக்டரிடம் கேட்டு ஆஸ்பிரின். மற்றவர்களுக்கு வைட்டமின், தட்டிலிருக்கும் நெல்லிக்காயிலேயே வரட்டும்.