நாற்பது நிமிட ஆலோசனையும் 6,800 ரூபாய்ப் பரிசோதனைத் திட்டமும்

மதுரையில் ஒரு தனியார் மகளிர் மருத்துவமனை, மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கென்று தனி ஆலோசனைப் பிரிவு ஒன்றை நடத்திவருகிறது. கடந்த ஏழு மாதங்களில் மூன்று முறை எனக்காகவும் ஒரு முறை என் அக்காவுக்காகவும் அங்கே சென்றுவந்தேன். மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். அங்கே பல பரிசோதனைகளை ஒரே கட்டணத்தில் சேர்த்துத் தரும் திட்டம் ஒன்று உண்டு; ஏறக்குறைய அதே பரிசோதனைத் திட்டத்தை, ‘நாற்பதைக் கடந்த மகளிருக்கு’ என்ற விளம்பரத்தோடு, இன்று பல ஊர்களில் பல மருத்துவமனைகள் விற்கின்றன என்பதால், நான் சொல்வது அவற்றை எடைபோடவும் உதவக்கூடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவரின் ஆலோசனைக்குக் கொடுத்த 700 ரூபாய் முழுக்கத் தகும். திட்டத்துக்குக் கொடுத்த 6,800 ரூபாயில் கணிசமான பகுதி எனக்கு வீண்.

எனக்கு 49 வயது. பள்ளியில் கணித ஆசிரியை. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமலிருந்தால்தான் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. எனக்கு நின்று பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்குக் குப்பென்று ஒரு அனல் ஏறும். இரண்டு நிமிடத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். விரல்களுக்கிடையே சாக்பீஸ் நனைந்து எழுத்து பிடிக்காமல் வழுக்கும். இரவில் இரண்டு மணிக்கு விழித்துத் தலையணை உறையை மாற்றிவிட்டுப் படுத்தால், பிறகு விடியும்வரை உறக்கம் வராது. வீட்டில் இளநீர் குடிக்கச் சொன்னார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள். அவையெல்லாம் அன்பினால் சொன்னவை; ஆனால் எதனாலும் உறக்கம் திரும்பவில்லை.

மருத்துவமனைக்குப் போக நான் தயங்கியதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் உதிரப்போக்கு மிகுந்து வேறொரு மருத்துவமனைக்குச் சென்றபோது, ஐந்து நிமிடங்கூடப் பேசாமல், “ரெண்டு குழந்தை பெத்தாச்சு, இனிமே கர்ப்பப்பை எதுக்கும்மா? எடுத்துடலாம்” என்றார்கள். அன்று அஞ்சி எழுந்துவந்துவிட்டேன். தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டதும், அவற்றை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. மிகுந்த உதிரப்போக்குக்கு மாத்திரைகளும், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் இருக்கின்றன என்பதையும், பெரும்பாலோருக்கு அவற்றை முயன்று பார்த்த பிறகே அறுவை சிகிச்சையை எண்ண வேண்டும் என்பதையும் இந்த ஆலோசனைப் பிரிவின் மருத்துவர்தான் முதன்முதலாக எனக்குச் சொன்னார்.

ஆனால் அவரைப் பார்ப்பதற்கு முன் வரவேற்பு மேசையைக் கடக்க வேண்டியிருந்தது. இச்சேவையின் பெருங்குறை அங்கேதான் இருக்கிறது. கர்ப்பிணிகளும் அவர்களுடைய கணவன்மார்களும் மாமியார்களும் நிறைந்திருந்த கூடத்தில், “உங்களுக்கு என்ன பிரச்சினைங்கம்மா?” என்று மேசையிலிருந்த பெண் உரக்கக் கேட்டார். நான் தாழ்ந்த குரலில் சொன்னதை உடனிருந்தவருக்காக மீண்டும் உரக்கச் சொன்னார். அடுத்து, பரிசோதனைத் திட்டத்துக்குப் பணம் கட்டி, முடிவுகளோடுதான் மருத்துவரைப் பார்க்க முடியும் என்றார். இது உண்மையில் கட்டாயமில்லை என்பதை இரண்டாம் முறை சென்றபோது அறிந்தேன். மருத்துவரை முதலில் பார்த்திருந்தால் என் பணத்தில் ஒரு பகுதி மிஞ்சியிருக்கும்.

ஏனென்றால் முடிவுகளைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடயால் ஆகிய மூன்று ஹார்மோன் அளவுகளையும் ஓரமாக ஒதுக்கிவைத்தார். 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் ஓராண்டாக வராமல் இத்தகைய அறிகுறிகளும் இருந்தால், அதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை. நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளிலோ இந்த அளவுகள் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதால், ஒருநாள் எடுத்த எண் எதையும் சொல்லாது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. சினைப்பைப் புற்றுநோய்க்கானது என்று திட்டத்தில் சேர்த்திருந்த சி.ஏ. 125 பரிசோதனையும் அப்படித்தான்: கருப்பையில் சாதாரண நார்த்திசுக் கட்டி இருந்தாலே அந்த அளவு உயரலாம், ஆரம்பநிலைப் புற்றுநோய் இருந்தும் உயராமல் போகலாம். அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாதவர்களுக்கு அது அச்சத்தைத்தான் கொடுக்கும்.

பயன்பட்டவையும் உண்டு. இரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, ஹீமோகுளோபின், மாமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே, கருப்பைவாய்ப் பரிசோதனை ஆகியவை இந்த வயதில் தேவையானவையே. தைராய்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். படபடப்பு, வியர்வை, உறக்கமின்மை எல்லாம் தைராய்டு கூடினாலும் வரும் என்பதால் அதைப் பார்த்தேயாக வேண்டும். கருப்பைவாய்ப் பரிசோதனையும், கையால் செய்யும் மார்பகப் பரிசோதனையும் 30 வயது முதல் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன என்பதை, பணம் கட்டத் தயங்கும் தோழியர் அறிந்திருப்பது நல்லது.

இனி ஆலோசனையைப் பற்றி. நாற்பது நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு, கணினித் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே பேசினார். அனல் ஏறும்போதெல்லாம் தினசரி நாட்காட்டியில் நான் பென்சிலால் புள்ளி வைத்திருந்த பக்கங்களைக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றையும் புரட்டி, எந்தப் புள்ளி பகல், எது இரவு என்று கேட்டுத் தம் தாளில் குறித்துக்கொண்டார். நான் சொல்லக் கூச்சப்பட்டதை அவரே கேட்டார்: “கணவரோட இருக்கும்போது வறட்சி, எரிச்சல் இருக்கா டீச்சர்? சிறுநீர் போகும்போது?” இருபத்தைந்து ஆண்டு மணவாழ்வில் எந்த மருத்துவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பிறப்புறுப்பில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) களிம்பு இருக்கிறது, அது இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே கலக்கிறது என்று அவர் விளக்கியபோது, இத்தனை காலம் இதை விதி என்று பொறுத்துக்கொண்டிருந்தேனே என்று கண் கலங்கிவிட்டது.

அனலுக்கும் உறக்கமின்மைக்கும் ஹார்மோன் சிகிச்சை தரலாம் என்று அவர் சொன்னதும் நான் புற்றுநோயைப் பற்றிக் கேட்டேன். அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. 2002-இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதையும், அதில் மருந்து உட்கொண்டவர்களில் பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு எட்டுப் பேர் என்ற அளவில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததையும் எண்களோடு சொன்னார். அவர்களுடைய சராசரி வயது 63 என்பதையும், 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறாக இருப்பதையும் சேர்த்தே சொன்னார். மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டி, கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு ஏதேனும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, காலையில் தோலில் தடவும், ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடயால் ஜெல்லையும், இரவில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் 100 மில்லிகிராம் மாத்திரையையும் எழுதினார். மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் இரத்தக் கட்டி அபாயத்தைக் கூட்டும். தோல் வழியாகச் செல்வது அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துவிடும் என்பதால்தான் புரோஜெஸ்டிரோன். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு மருந்துகளும் மனநலப் பயிற்சியும் உண்டு என்பதையும் அவரே சொன்னார். நான்காம் வாரத்தில் ஓர் இரவு முழுக்க உறங்கினேன்.

உணவு ஆலோசகரிடம் எனக்குச் சற்றே ஏமாற்றம். அச்சிட்ட தாளில் ஓட்ஸ், கினோவா, பாதாம் பால் என்று இருந்தது. எலும்பு தேயும் வேகம் மாதவிடாய் நின்ற முதற்சில ஆண்டுகளில்தான் மிகுதி என்பதால், கால்சியம் எங்கிருந்து கிடைக்கும் என்பதை நம் அடுக்களையிலிருந்தே சொல்லியிருக்கலாம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 364 மில்லிகிராம் இருக்கிறது, எள்ளும் முருங்கைக் கீரையும் வேறு உண்டு.

என் அக்காவின் வருகைதான் இச்சேவையின் மேல் எனக்கு மதிப்பை உறுதிசெய்தது. அவளுக்கு 56 வயது. நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு முறை இலேசாக உதிரம் பட்டிருக்கிறது. “சூட்டுல வந்திருக்கும்டீ” என்று விட்டுவிட்டாள். நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் பார்த்தேயாக வேண்டும் என்று என்னிடம் மருத்துவர் சொல்லியிருந்ததால் கையோடு அழைத்துப்போனேன். அன்றே யோனி வழி ஸ்கேன் எடுத்தார்கள். நான்கு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய உட்சுவர் ஒன்பது இருந்தது. திசு எடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோய் இல்லை, தீங்கற்ற சதை வளர்ச்சி என்று முடிவு வந்தது. அதை நீக்கிவிட்டு மறுநாளே வீடு திரும்பினாள். அந்தப் பத்து நாளில் செவிலியர் ஒருவர் இருமுறை தாமாகவே தொலைபேசியில் அழைத்து, “அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

இப்பிரிவு செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டும் இயங்குகிறது. முன்பதிவு செய்தாலும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இத்தகைய இடத்துக்குச் செல்பவர்கள் பழைய ஸ்கேன் அறிக்கைகளையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும், கடைசி மாதவிடாய்த் தேதியைக் குறித்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள். மேசையில் திட்டத்தை நீட்டினால், “முதல்ல டாக்டரப் பாத்துட்டுக் கட்டறேன்” என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை நான் அப்படித்தான் சொன்னேன். ஆலோசனைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினார்கள்.