ஊர்ல அக்கா பையனுக்கு எடுத்த சிகே டெஸ்ட்

இந்த தடவை டொரன்டோல இருந்து பொள்ளாச்சி போன லீவு முழுக்க ஆஸ்பத்திரியும் லேபும்தாங்க. அக்கா பையனுக்கு அஞ்சு வயசு, ஓட மாட்டான், படி ஏற கைப்பிடி வேணும், தரையில இருந்து எந்திரிக்கணும்னா தொடையில கைய ஊனி ஊனித்தான் எந்திரிப்பான், ஆனா கெண்டைக்கால் மட்டும் நல்லா திரண்டு இருக்கும். எப்பவோ காய்ச்சலுக்கு எடுத்த டெஸ்ட்ல எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் எகிறி இருந்துச்சுன்னு கல்லீரல் கோளாறுன்னு முடிவு பண்ணி மாசக்கணக்கா சிரப், ஸ்கேன், பத்தியம், கீழாநெல்லின்னு ஓட்டியிருக்காங்க. கண்ணுல மஞ்சளே இல்ல, பிலிருபின் நார்மல், கல்லீரலுக்கு பார்க்கற இன்னொரு என்சைமான ஜிஜிடியும் நார்மல். அந்த ரெண்டு என்சைமும் தசைக்குள்ளயும் இருக்கு, தசை சிதைஞ்சாலும் ரத்தத்துல ஏறும்னு யாருமே அக்காகிட்ட சொல்லல. எனக்கு இன்னும் ஆறல.

கோயம்புத்தூர்ல பார்த்த குழந்தைகள் நரம்பு டாக்டர் பையன கீழ உக்காந்து எந்திரிக்க சொன்னாங்க, பார்த்த உடனே சிகே, அதாவது கிரியேட்டின் கைனேஸ்ங்கிற தசை என்சைம் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பார்க்கற டெஸ்ட் எழுதிட்டாங்க. காலையில லேப் தம்பி வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டு போனாரு, சாயங்காலம் வாட்ஸ்ஆப்ல ரிப்போர்ட் வந்துருச்சு, உண்மையிலேயே அருமையான சர்வீஸ். இருநூறு சொச்சத்துக்குள்ள இருக்க வேண்டியது 15,000-த்த தாண்டி இருந்துச்சு.

டூஷேன் தசைச்சிதைவு. டிஸ்ட்ரோபின்ங்கிற புரதம் இல்லாததால தசை செல்லோட சவ்வு கிழிஞ்சுகிட்டே இருக்கும், உள்ள இருக்கிற சிகே வெளிய கசியும். 1959-லயே ஜப்பான்ல எபாஷி குழு இந்த ரத்த மாற்றத்த எழுதிட்டாங்க. வயசாக ஆக இந்த நம்பர் குறையும், அத குணமாகுதுன்னு நினைச்சிடாதீங்க, கசியறதுக்கு தசையே குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். கிட்னிக்கு வழக்கமா பார்க்கற கிரியேட்டினின் தசையில இருந்து வர்றதால இவங்களுக்கு கம்மியாத்தான் காட்டும், அதனால கிட்னிக்கு சிஸ்டாட்டின் சிங்கிற வேற ரத்த டெஸ்ட் பார்க்கணுமாம்.

அடுத்து ஜீன் டெஸ்ட், டிஸ்ட்ரோபின் ஜீன்ல இருக்கிற 79 எக்ஸான்ல, அதாவது துண்டுகள்ல, எது விட்டுப் போயிருக்குன்னு எம்எல்பிஏங்கிற முறையில பார்க்கறது. கோயம்புத்தூர்லயே எம்டிசிஆர்சின்னு இதுக்குன்னே ஒரு மையம் இருக்கு, தசைய வெட்டி எடுக்க வேண்டியதில்ல, ரத்தம் போதும். அக்காவுக்கும் பார்க்க சொல்லியிருக்கேன், ஏன்னா கேரியரா, அதாவது இந்த ஜீன் கோளாற சுமந்து பிள்ளைக்கு கடத்தக்கூடியவங்களா இருக்கிற அம்மாக்களுக்கு சிகே நார்மலாவும் இருக்கலாம், அத மட்டும் வச்சு இல்லன்னு சொல்லிட முடியாது, அடுத்த குழந்தை பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சாகணும்.

உங்க வீட்டு சின்னப் பையனுக்கு எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடி ஏறி இருக்கு, நடையும் சரியில்லன்னா, சிகே ஒண்ணு எழுதுங்க டாக்டர்னு வாய விட்டு கேட்டுருங்க.