ஆறு வருஷமாக ஓடும் வீட்டு சர்வர்: அப்டேட்டுக்குப் பிறகு பூட் ஆகாமல் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஈரோட்டு வீட்டில் பீரோவுக்கு மேலே ஒரு பழைய லேப்டாப் 2020 ஜனவரியிலிருந்து இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. 4 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, யூஎஸ்பியில் மாட்டிய 4 டிபி ஹார்ட் டிஸ்க். அதுதான் எங்கள் வீட்டு சர்வர். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 10-வது பதிப்பில் ஆரம்பித்தேன். அப்புறம் 11, 12, 2025 நவம்பரில் 13.

அது செய்யும் வேலை பெரிதில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. எல்லோர் போனிலிருந்தும் போட்டோக்கள் சிங்க்திங் வழியாக அதில் வந்து சேரும். அம்மாவின் பாட்டுகளும் பழைய படங்களும் ஜெல்லிஃபின்னில் இருக்கின்றன. விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல் ஓடுகிறது. அப்பா இருந்தபோது ஸ்கேன் செய்து வைத்த பத்திரம், பட்டா, சிட்டா எல்லாம் அதில்தான். கரண்டுக்கு மீட்டர் வைத்துப் பார்த்தேன், சராசரி 12 வாட். இரண்டு மாத பில்லில் 17 யூனிட் சேர்கிறது. இத்தனை வேலைக்கு இது அதிகமே இல்லை. ஒரே குறை, மூன்றாவது வருஷம் பேட்டரி உப்பிவிட்டது. 24 மணி நேரமும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில் இது நடக்கக்கூடியதுதான். சர்வராகப் போடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டேன்.

ஆறு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் அது பூட் ஆகாமல் நின்றது. அந்த ஒரு நாளில் கற்றுக்கொண்ட அளவுக்கு மீதி வருஷங்களில் நான் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

டெபியன் 12 வந்தது 2023 ஜூன் 10. ஒரு மாதம் பொறுத்து, ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி வேறு லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச்சில் நுழைந்து அப்டேட்டைப் போட்டேன். 10-லிருந்து 11-க்குப் போனபோது எந்தத் தொந்தரவும் இல்லை என்பதால் இந்த முறையும் பயமில்லை. ஆயிரத்துக்கு மேல் பேக்கேஜ்கள். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது எல்லாம் நின்று கமாண்ட் லைன் காத்திருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து ரீபூட் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு அம்மா வந்து எழுப்பினார். "கண்ணு, பாட்டு வரலையே?" கொஞ்ச நேரத்தில் மனைவி, "ஏங்க, நெட்டே இல்லீங்க, வைஃபை மட்டும் காட்டுது." இரண்டும் ஒரே கோளாறுதான். தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்; பை-ஹோல் அதன் வழியாகத்தான் விளம்பரத்தைத் தடுக்கிறது. ரௌட்டரில் டிஎன்எஸ் முகவரியாக சர்வரை மட்டும் கொடுத்து வைத்திருந்தேன். சர்வர் படுத்தால் வீட்டில் எந்தத் தளத்தின் பெயரும் திறக்காது. கோளாறைப் பற்றித் தேடிப் படிக்கக்கூட மொபைல் டேட்டாவுக்குப் போக வேண்டியிருந்தது. பை-ஹோல் வைத்திருப்பவர்கள் ரௌட்டரின் டிஎன்எஸ் அமைப்பை எந்தப் பக்கத்தில் மாற்றுவது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் காகிதம் இப்போது பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது.

லேப்டாப்பை இறக்கி மூடியைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது கேப்ஸ் லாக் விளக்கு. யாரும் எதையும் அழுத்தாமல் அது விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸில் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. கெர்னல் பேனிக், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலே மேற்கொண்டு நகர முடியாமல் நின்றுவிட்டது. திரையே தெரியாத நிலையிலும் இந்த விளக்கு அதைச் சொல்லிவிடும்.

நண்பனுக்குப் போன் போட்டேன். "ஃபார்மேட் பண்ணி புதுசா இன்ஸ்டால் பண்ணிரு மாப்ளே, அரை மணி நேர வேலை" என்றான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் எஸ்எஸ்டியில் இருந்தது டெபியன் மட்டுமில்லை. மூன்று வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த அமைப்புகள், ராத்திரி பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட்டுகள், அம்மா ஒவ்வொரு பாட்டாகச் சொல்லச் சொல்ல நான் அடுக்கிய பட்டியல்கள் எல்லாம் அதில்தான். பூட் ஆகவில்லை என்பதற்கும் டேட்டா போய்விட்டது என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோன சிஸ்டத்தில் பெரும்பாலும் எல்லாம் பத்திரமாக இருக்கும். கதவுதான் திறக்காது. திரையில் இருப்பதை முழுசாகப் படிக்காமல் எதையும் அழிப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

திரையின் கடைசி வரிகளில், ரூட் ஃபைல் சிஸ்டத்தை (டெபியன் இருக்கும் பகுதியை) மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க, முடியவில்லை, பிளாக் எண் 0,0 என்று இருந்தது. அந்த 0,0-தான் துப்பு. டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கின் பெயரோடு படிப்புப் பிழைகள் வரும். 0,0 என்றால் கெர்னலுக்கு டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று அர்த்தம். கெர்னல் டிஸ்க்கைத் திறக்க டிரைவர் வேண்டும், அந்த டிரைவர் இருப்பதோ அதே டிஸ்க்குக்குள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது மாதிரி. அதனால்தான் பூட் பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியில் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு ஃபைல் தனியாக இருக்கும். அது வெளியே வைத்த மாற்றுச் சாவி. புதுக் கெர்னல் வந்திருக்கிறது, அதற்கான மாற்றுச் சாவி வரவில்லை. இதுதான் என் ஊகம்.

அதைச் சோதிப்பது சுலபம். மறுபடி ஆன் செய்து கிரப் மெனு (எதில் பூட் செய்வது என்று கேட்கும் திரை) வந்ததும் அம்புக்குறியால் கீழே இறங்கி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பழைய 5.10 கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். டெபியன் பழைய கெர்னலை உடனே அழிப்பதில்லை என்பதற்காகவே அதை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டலாம். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன, எனக்கும் மூச்சு வந்தது.

ஆனால் ஓட்டம் பாதியில் நின்றது. ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி, பக்கத்தில் ஒன்றரை நிமிஷக் கெடு. கெடு முடிந்ததும் எமர்ஜென்சி மோட், ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டைக் கொடு என்றது. இரண்டு கோளாறா என்று உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. 4 டிபி டிஸ்க்குக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று ஆரம்பத்திலேயே அதைக் கழற்றி வைத்திருந்தேன். எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்குக்கு நோஃபெயில் என்ற சொல்லை நான் போட்டிருக்கவில்லை. அது இல்லாவிட்டால், டிஸ்க் வராமல் சிஸ்டம் முழுசாக எழும்பக் கூடாது என்று, பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி எடுத்துக்கொள்கிறது. யூஎஸ்பியில் வெளி டிஸ்க் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்கே அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால், பூட் ஆகும் நேரத்தில் கேபிள் கொஞ்சம் லூசாக இருந்தாலும் மொத்த சர்வரும் நின்றுபோகும். நல்லவேளை, ரூட் பாஸ்வேர்டை இன்ஸ்டால் செய்த அன்றே டைரியில் எழுதி வைத்திருந்தேன். ரூட்டைப் பூட்டி சூடோ (சாதாரணக் கணக்கிலிருந்தே நிர்வாக வேலை செய்யும் கமாண்ட்) மட்டும் வைத்திருப்பவர்களை எமர்ஜென்சி மோட் உள்ளேயே விடாது. அப்படிப்பட்டவர்கள் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து உள்ளே போய்த் திருத்தலாம்.

நோஃபெயிலைச் சேர்த்தேன். அடுத்த முறை பழைய கெர்னலில் முழுசாக எழும்பியது.

இப்போது காரணத்தைப் பார்க்க முடிந்தது. பூட் பார்ட்டிஷன் மொத்தமே 236 எம்பி, நூறு சதவீதம் நிறைந்து கிடந்தது. 2020-ல் எல்விஎம் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் முறை) தேர்ந்தெடுத்தபோது இன்ஸ்டாலர் ஒதுக்கிய அளவு அது, அன்றைக்கு அது போதும். கெர்னலும் அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் சேர்ந்து ஒரு ஜோடிக்கு ஐம்பது அறுபது எம்பி பிடிக்கும். பழைய கெர்னல்கள் மூன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. புதிய 6.1-க்கு இனிட்ராம்எஃப்எஸ் எழுதும்போது இடம் தீர்ந்து, அப்டேட்டே பாதியில் நின்றிருக்கிறது. பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடியின் டெர்ம்.லாக் ஃபைலைத் திறந்தேன். டிஸ்க்கில் இடமில்லை என்ற வரி முந்தைய இரவு 10:40-க்கு அங்கே பதிவாகியிருந்தது. கடைசியில் பிழை எண்ணும் இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்த அதே திரையில் அந்த எண் இருந்திருக்கிறது.

சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. எந்தக் கெர்னலில் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று உறுதி செய்துகொண்டு, மற்ற இரண்டு பழைய கெர்னல்களை நீக்கினேன். ஏபிடி முதலில் அரைகுறையாக நிற்பதை முடி என்று அடம்பிடித்ததால், அதற்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜியை நேரடியாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. பிறகு பாதியில் நின்ற பேக்கேஜ்களை கான்ஃபிகர் செய்து, அப்டேட்டை மறுபடி ஓடவிட்டு முடித்து, எல்லாக் கெர்னலுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக எழுதி, கிரப்பையும் புதுப்பித்தேன். ரீபூட் செய்ததும் 6.1 எழும்பியது. மணி பதினொன்று.

அந்த வாரமே இன்னொன்றும் செய்தேன். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் மாட்யூல்ஸ் என்ற வரியை மோஸ்ட்டிலிருந்து டெப்புக்கு மாற்றினால் இந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர் மட்டும் சேரும், ஃபைல் நன்றாகச் சுருங்கிவிடும். இடத்துக்குத் தவிப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் நாளைக்கு இதே டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் பூட் ஆகாமல் போகலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. சில மாதம் வைத்திருந்துவிட்டு வேறு வழிக்குப் போனேன். தனி பூட் பார்ட்டிஷனே வேண்டாம் என்பதுதான் அந்த வழி. என் டிஸ்க்கில் என்க்ரிப்ஷன் இல்லை, கிரப்பால் எல்விஎம்மை நேரடியாகப் படிக்க முடியும். பூட் பார்ட்டிஷனில் இருந்ததை ரூட்டுக்குள் நகலெடுத்து, பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து, எஃப்எஸ்டேப்பில் அந்த வரியை எடுத்துவிட்டு, கிரப்பை மறுபடி நிறுவினேன். 236 எம்பி கூண்டு போய்விட்டது. பழைய பயாஸ் மெஷின் என்பதால் எனக்கு இது சுலபமாக முடிந்தது.

2025 ஆகஸ்ட் 9-ல் டெபியன் 13 வந்தபோது, வெளியீட்டுக் குறிப்புகளை முதல் முறையாக வரி விடாமல் படித்தேன். பூட் பார்ட்டிஷன் குறைந்தது 768 எம்பியாவது இருக்க வேண்டும், அதில் 300 எம்பி அளவுக்குக் காலியாக இருக்க வேண்டும், டெபியன் 10 அல்லது அதற்கு முன் இன்ஸ்டால் செய்த சிஸ்டங்களில் இது போதாமல் போக வாய்ப்பு அதிகம் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். என் கதையையே யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. நவம்பரில் மேம்படுத்தினேன், டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் கருவி), காலை வேளையில், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒரு பிழையும் இல்லை. ஒரு மாற்றம் மட்டும் பிறகு கடித்தது. 13-ல் டெம்ப் ஃபோல்டர் (தற்காலிக ஃபைல்களுக்கானது) ராமில் இருக்கிறது. என் பேக்கப் ஸ்கிரிப்ட் பெரிய ஆர்க்கைவை அங்கேதான் கட்டும். 4 ஜிபி ராமில் அது இரண்டு ராத்திரி பாதியிலேயே நின்றது. ஸ்கிரிப்ட்டில் ஒரு வரியை மாற்றி வெளி டிஸ்க்கில் கட்டச் சொன்னதும் சரியானது. பேக்கப்பின் இன்னொரு பிரதி திருப்பூரில் தங்கச்சி வீட்டு டிஸ்க்கில் இருக்கிறது.

இனி மிச்சமிருப்பது அந்த எஸ்எஸ்டி. ஆறு வருஷமாக எழுதிக்கொண்டே இருக்கிறது. டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் இன்னும் பிழை எதுவும் இல்லை, ஆனாலும் பொங்கல் லீவில் மாற்றிவிடப் போகிறேன். புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து, கிரப்பை அதில் எழுதி, பழையதைக் கழற்றிவிட்டு புதியதில் மட்டும் இரண்டு முறை பூட் செய்து பார்ப்பேன். பழைய எஸ்எஸ்டி அதற்குப் பிறகும் ஒரு மாதம் அழிக்கப்படாமல் பீரோவுக்குள் இருக்கும்.