படம் சைஸ் பண்ணி அனுப்புற சர்வீஸ், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுதேன் (3/5)

பத்தமடைல எங்க மாமாவுக்குப் பாய்க்கடை, பொண்ணு மாப்ள பேரு நெய்ஞ்ச கல்யாணப் பாய்தான் மெயின். வெப்சைட்ட நான் பாத்துக்கிடுதேன். படத்துக்குன்னு ஒரு சர்வீஸ்ல மாசச் சந்தா கட்டுதோம், பேரு வேண்டாம். பெரிய படம் ஒண்ணு ஏத்துனா போதும், பாக்குற போனுக்குத் தக்கன தானா சைஸ் பண்ணி அனுப்பிரும்னு சொல்லித்தான் சேத்தாங்க.

மொத வாரமே துபாய்ல இருந்து கஸ்டமர் அக்கா ஒருத்தங்க ஸ்கிரீன்ஷாட் அனுப்புனாங்க. கோரை இழையே தெரியல, மாப்ள பேர்ல ழ-வோட சுழி எது பாயோட இழை எதுன்னு பிரியல. அவங்களது ஐபோன், என் ஆண்ட்ராய்டு குரோம்லயும் அதே கலங்கல்தான்.

விஷயம் என்னன்னா அக்காவோட போன்ல பிரவுசர் கணக்குக்கு அகலம் 390 பிக்சல், ஆனா கண்ணாடிக்குள்ள நெசமா இருக்க புள்ளி 1170, மூணு மடங்கு. 390 அகலப் படத்த அனுப்புனா ஒரு புள்ளிய மூணுக்கு மூணா இழுத்துக் காட்டும், பட்டுப்பாய் நெசவு நெருக்கம்லா, மெழுகுன தர மாதிரி ஆயிருது.

இந்த மூணு மடங்க பிரவுசர் தானா போய் சர்வர்ட்ட சொல்லாது. பக்கத்த அனுப்புற சர்வர் மொதல்ல ஆக்செப்ட்-சிஹெச்னு ஒரு ஹெடர்ல (கூடவே போற குறிப்பு வரி) கேக்கணும், அதுக்கப்புறம் போற ரிக்வெஸ்ட்லதான் குரோம் செக்-சிஹெச்-டிபிஆர் 3 னு எழுதும் (டிபிஆர்னா இந்த மடங்குதான்), அதுவும் ஹெச்டிடிபிஎஸ், அதாவது பாதுகாப்பான சைட்டா இருந்தாத்தான். எங்க சைட் ஒரு டொமைன், படம் வேற டொமைன், அதனால நாங்க பெர்மிஷன்ஸ்-பாலிசி ஹெடர்ல அந்த டொமைனுக்கு அனுமதி கொடுக்கணும். இத சப்போர்ட்ல ஒருத்தரும் சொல்லல, மூணு மெயில் போட்டேன், பிரவுசர் கேச்ச (சேத்து வச்ச பழைய ஃபைல) கிளியர் பண்ணுங்கன்னே பதில் வந்துச்சு. ராத்திரி உக்காந்து டெவ்டூல்ஸ்ல (பிரவுசர் உள்ள என்ன போகுது வருதுன்னு காட்டுற எடம்) ரிக்வெஸ்ட் ஒண்ணொண்ணா தொறந்து பாத்தப்பதான் அந்த டிபிஆர் ஹெடரே போகலன்னு தெரிஞ்சுது. அந்த அனுமதி வரிய சேத்தேன், குரோம்ல செவப்புக் கரை இழை இழையா வந்துட்டு.

அக்காவுக்கு அப்பவும் வரல. ஐபோனோட பிரவுசர் சபாரி, அது இந்த டிபிஆர் ஹெடர அனுப்பவே அனுப்பாது, ஃபயர்பாக்ஸும் அப்படித்தான். வாங்குறவங்கள்ல பாதிப்பேரு ஐபோன் வச்சிருக்கப்ப 'தானா கண்டுபிடிக்கும்'னு வெளம்பரம் பண்ணுறது சரியில்ல, எந்த பிரவுசர்ல வேலை செய்யும்னு மொத பக்கத்துலயே போடணும்.

கடைசில எஸ்ஆர்சி-செட்டுக்கு மாறிட்டேன். ஒரே படத்துக்கு 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ்னு (ஒரு மடங்கு, ரெண்டு மடங்கு, மூணு மடங்கு) மூணு லிங்க் ஹெச்டிஎம்எல்லயே எழுதிட்டா எது வேணும்னு பிரவுசரே எடுத்துக்கிடும், சர்வர்ட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், சபாரிலயும் ஓடும். சாதாரணப் படத்துக்கு 2எக்ஸே தாராளம், நெசவு குளோசப்புக்கு மட்டும் 3எக்ஸ் வச்சிருக்கேன், ஃபைல் கனக்கும்லா. அந்த மூணு சைஸையும் இதே சர்வீஸ்தான் வெட்டிக் கொடுக்கு, அந்த வேலை சுத்தம், அதுக்குத்தான் மூணு ஸ்டார். சந்தாவ நிறுத்தல, சின்ன பிளானுக்கு எறக்கிட்டேன். அக்கா ழ நல்லாத் தெரியுதுன்னு நேத்து மெசேஜ் போட்டுருந்தாங்க, மாமா தறில பாவு ஏத்தியாச்சு.