விலைபோகாத 42 ஸ்லைடுகள்

பழைய டிஸ்னிலேண்ட் ஸ்லைடுகளை, அதாவது புரொஜெக்டரில் திரையிடுவதற்காக அட்டைச் சட்டத்தில் பொருத்திய பிலிம் படங்களை, இணைய ஏலத்தில் விற்பவர்கள், கோட்டையும் மலையும் தெளிவாக விழுந்தவற்றைத் தனித்தனியாக நல்ல விலைக்கு விற்றுவிட்டு, மிஞ்சுவதை ஒரு கட்டாகக் கட்டிக் ‘குறையுள்ளவை’ என்று தள்ளிவிடுவது வழக்கம். அப்படிப்பட்ட ஒரு கட்டைச் சென்ற மாதம் வாங்கினேன். 42 ஸ்லைடுகள், ஒன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகவே விலை விழுந்தது. விற்பவரின் குறிப்பில் மூன்று செய்திகள் இருந்தன: கலிஃபோர்னியாவின் அனஹெய்ம் நகரிலுள்ள டிஸ்னிலேண்ட் பூங்கா, திறப்பாண்டான 1955, நிற மங்கலும் கேமரா ஆட்டமும் உண்டு. இவற்றுள் முதலாவது உண்மை, இரண்டாவது பிழை, மூன்றாவது பாதி உண்மை. இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்தப் பாதி உண்மையைப் பற்றியது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். அறுபதாண்டு கடந்த அட்டைச் சட்டங்களை ரப்பர் வளையத்தால் இறுக்கி, குமிழி உறை கூட இல்லாமல் ஒரு சாதாரணக் காகித உறையில் அனுப்பியிருந்தார்கள். ரப்பர் இளகி, மேலும் கீழுமாக இருந்த இரண்டு சட்டங்களின் விளிம்பில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிலிமில் படவில்லை என்பது என் நல்வினை. விற்பவரின் கவனத்துக்கு அதில் பங்கில்லை. விளம்பரத்தில் காட்டிய மாதிரிப் படங்களில் ஒன்று இடவலம் மாறியிருந்ததும் குறிப்பிடத்தக்கது. கடைப் பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தும் அதை யாரும் கவனிக்கவில்லை. எந்தப் பக்கம் திரையை நோக்க வேண்டும் என்று சட்டத்திலேயே அச்சிட்டிருக்கும்போது இந்தத் தவறுக்குச் சமாதானம் கிடையாது.

ஆண்டுக் கணக்குக்கு வருவோம். பூங்கா 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. ஆனால் கட்டிலிருந்த ஒரு ஸ்லைடில், அடிவானம் பதினைந்து பாகையாவது சாய்ந்திருந்தபோதும், மேட்டர்ஹார்ன் மலை ஐயத்துக்கிடமின்றி நிற்கிறது. 147 அடி உயரமுள்ள அந்தச் செயற்கை மலையும், அதன் அருகே ஓடும் மோனோரயிலும் 1959 ஜூன் மாதத்தில்தான் வந்தன. அதற்கு முன்பு அந்த இடத்தில் கோட்டை அகழியைத் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுந்த ஒரு மேடும் கம்பிவடத் தொட்டிகளுக்கான ஒரு கோபுரமும் மட்டுமே இருந்தன. இன்னொரு ஸ்லைடில் பூங்காவின் எதிர்கால உலகப் பகுதியான டுமாரோலேண்டின் மூன்லைனர் ராக்கெட் சிவப்புப் பட்டையோடும் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் எழுத்துகளோடும் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் ஆதரவு 60களின் தொடக்கத்தில் முடிந்து, ராக்கெட் டக்ளஸ் நிறுவனத்தின் பெயருக்கு மாறியது. ஆகவே 1959க்குப் பின், டக்ளஸுக்கு முன் என்று படங்களே ஒரு சிறிய இடைவெளியைக் காட்டிவிடுகின்றன. சட்டத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது, ஏனெனில் கோடக் நிறுவனத்தின் வண்ணப் பிலிமான கோடாக்குரோமின் அட்டைகளில் ‘செப்டம்பர் 60’ என்று ஆய்வகத்தில் பிலிமைக் கழுவிய மாதம் பொறிக்கப்பட்டிருந்தது. அது படம் எடுத்த நாள் அல்ல. எடுத்த சுருளை வீட்டுக்குக் கொண்டுபோய், மீதியிருந்த படங்களை எடுத்து முடித்து அனுப்பிய நாளுக்குப் பிந்தியது. கோடை விடுமுறையில் எடுத்திருப்பார்கள் என்று நான் கொள்வதற்கு அவர்களின் அரைக்கை உடைகளும் துணை நிற்கின்றன.

இனிச் சரக்கு. 42இல் 33 கோடாக்குரோம் அட்டைகள். ஆறு, பூங்காவின் கடைகளில் நினைவுப் பொருளாக விற்ற ஆயத்த ஸ்லைடுகள். மூன்று, கண்ணாடிக்கு இடையில் வைத்து மூடியவை. கண்ணாடி மூன்றையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்றில் பூஞ்சை வேர்விட்டு, படம் பதிந்திருக்கும் படலமான எமல்ஷனை அரித்துவிட்டது. மற்ற இரண்டிலும் எண்ணெய் படர்ந்ததுபோல வானவில் வளையங்கள். அவை கண்ணாடியைக் கழற்றினால் மறையும், அரித்த இடம் மீளாது.

ஆயத்த ஸ்லைடுகள் ஆறும் கற்றறிந்த கைகள் எடுத்தவை. கோட்டை நேராக நிற்கிறது, பூங்காவின் ஆற்றில் ஓடும் மார்க் ட்வெயின் கப்பல் சட்டத்துக்குள் முழுமையாக அடங்கியிருக்கிறது, எந்தத் தலையும் வெட்டுப்படவில்லை. ஆனால் ஆறும் செங்கல் நிறமாகிவிட்டன. நகலெடுப்பதற்கான மலிவான பிலிமில் பெருவாரியாக அச்சிட்ட இத்தகைய ஸ்லைடுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப்போவதால், சிவப்பு மட்டும் எஞ்சுகிறது. வானமும் ஆற்று நீரும் ஒரே நிறத்தில் கிடக்கின்றன. கோடாக்குரோமின் கதை வேறு. அந்தப் பிலிமில் சாயத்தை உண்டாக்கும் பொருள் கிடையாது. அடிப்படையில் அது மூன்று அடுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம். நிறங்களை ஆய்வகத்தில்தான் ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். அதனால் கழுவுவது பெரும் தொல்லை. ஆனால் இருட்டில் வைத்தால் நிறம் அசைவதில்லை. அந்தத் தொல்லையின் காரணமாகவே, தயாரிப்பு 2009இல் நின்றபின், கான்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் நகரிலிருந்த கடைசி ஆய்வகம் 2010 டிசம்பர் 30ஆம் நாளோடு கோடாக்குரோம் சுருள்களை ஏற்பதை நிறுத்தியது. இன்று உறையில் கிடக்கும் கழுவாத சுருளிலிருந்து அதன் வண்ணத்தை முறைப்படி வெளிக்கொணர வழியில்லை. கழுவப்பட்டுக் கையில் கிடைப்பவையே எல்லாம்.

இங்கே எனக்கு எதிர்பாராத ஒன்று தெரிந்தது. இருட்டில் அசையாத கோடாக்குரோம், புரொஜெக்டரின் வெளிச்சத்துக்கு மட்டும் எளிதில் தளர்ந்துபோகும் இயல்புடையது. 33 அட்டைகளையும் அடியிலிருந்து ஒளி தரும் லைட் பாக்ஸில் பரப்பியபோது, ஓரளவு தேறக்கூடிய நாலைந்து படங்களின் அட்டை மூலைகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. புரொஜெக்டரில் நேராகச் செருகுவதற்காக யாரோ மூலையில் சிவப்பு மையால் புள்ளியும் வைத்திருந்தார்கள். அவற்றின் வானம் வெளிறியிருந்தது. விரல் மறைத்ததும், ஆடியதும், பாதி இருண்டதுமான படங்களின் அட்டையோ நேற்று ஆய்வகத்திலிருந்து வந்ததுபோல முனை மடியாமல் இருந்தது, வண்ணமும் அப்படியே. வீட்டார் அவற்றைத் திரையில் போட்டதே இல்லை என்பது என் ஊகம். பூங்கா 1960இல் எந்த நிறத்தில் இருந்தது என்பதற்கு இந்தக் கட்டில் மிகவும் நம்பத்தக்க சாட்சி, கெட்டுப்போன படம்தான். விற்பவர் ‘மங்கல்’ என்றதையும் ‘ஆட்டம்’ என்றதையும் ஒரே மூச்சில் சொல்லி இரண்டையும் ஒரே குறையாக்கிவிட்டதைத்தான் பாதி உண்மை என்றேன். எடுத்தவரின் பிழை வேறு, காலத்தின் சேதம் வேறு. முதலாவது இருக்கும் படத்தில் இரண்டாவது பெரும்பாலும் இல்லை.

மூன்று ஸ்லைடுகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

எண் 17, ஸ்கைவே என்ற கம்பிவடத் தொட்டியிலிருந்து கீழ்நோக்கி எடுத்தது. 1956இல் தொடங்கி 1994 வரை ஓடிய அந்தச் சவாரியில் தொங்கியபடி எடுத்த படங்கள் ஏராளம்; எல்லோரும் மலையையும் நீர்மூழ்கிக் கப்பல் குளத்தையும்தான் குறிவைப்பார்கள். இவர் சற்றுத் தாமதமாகப் பொத்தானை அழுத்தியதால் மலை நழுவிப்போய், ஒரு கட்டடத்தின் கூரை மட்டும் விழுந்திருக்கிறது: தார் பூசிய தட்டைக் கூரை, காற்றுப்போக்கிக் குழாய்கள், யாரோ விட்டுப்போன ஒரு வாளி. முகப்பு எத்தனை அலங்காரமாக இருந்தாலும் பின்புறம் ஒரு கிடங்கின் கூரைதான் என்பதைப் பூங்கா நிர்வாகம் அஞ்சலட்டையில் ஒருபோதும் காட்டியிருக்காது. வலது மூலையில் ஆரஞ்சு நிறக் குமிழ்போல விரல்நுனி. அக்காலக் கேமராக்கள் பலவற்றில் கண்ணால் பார்க்கும் துளை ஓரிடத்திலும் லென்ஸ் வேறிடத்திலும் இருந்ததால், விரல் மறைப்பது எடுப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எண் 23 இரட்டைப் பதிவு. மூன்லைனர் ராக்கெட்டின் மேல் ஒரு பெண்மணி அமர்ந்திருக்கிறார். அதாவது, அவர் அமர்ந்த பெஞ்சும் ராக்கெட்டும் ஒரே பிலிமில் விழுந்துவிட்டன. அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்த ஆர்கஸ் சி3 போன்ற கேமராக்களில் ஷட்டரை ஏற்றுவது ஒரு வேலை, பிலிமைச் சுற்றுவது மற்றொரு வேலை. ஒன்றை மறந்தாலும் மற்றது நடக்கும். 76 அடி ராக்கெட்டின் வெள்ளை உடலுக்குள் அந்த அம்மையாரின் மலர்ப்பூ உடையும், மடியில் அடுக்கிய இரண்டு தொப்பிகளும், செருப்பைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த காலும் தெரிகின்றன. ராக்கெட்டை மட்டும் தெளிவாகக் காட்டும் படங்கள் எத்தனையோ உண்டு. பிற்பகலில் கால் வலித்து உட்கார்ந்தவரைக் காட்டுபவை அரிது. பிலிம் சுற்ற மறக்காமல் இருந்திருந்தால் இதுவும் பிரிக்கப்பட்டு, ராக்கெட் விலைபோய், அம்மையார் குப்பைக்குப் போயிருப்பார்.

மூன்றாவது, கனிமச் சுரங்க ரயில் போல அமைத்த ஒரு சவாரியிலிருந்து எடுத்தது. அது ஓடிய, 1960இல் விரிவாக்கித் திறந்த நேச்சர்ஸ் வொண்டர்லேண்ட் பகுதி 1977 வரையே இருந்தது. இன்று அந்த நிலத்தில் பிக் தண்டர் மவுண்டன் என்ற சவாரி நிற்கிறது. படத்தில் பாறைகளும் மரமும் கிடைக்கோடுகளாக இழுபட்டிருக்க, நடுவே பழுப்பாக ஒரு கறை. உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்தபின் அது முதுகைத் தேய்க்கும் இயந்திரக் கரடி என்று புரிந்தது. இதற்கு எடுத்தவரின் கையைக் குறைசொல்வது நியாயமாகாது. அன்றைய கோடாக்குரோமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 10 மட்டுமே. வெட்டவெளி வெயிலிலேயே வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும், மரநிழலில் அதைவிடவும் அதிகம். ஓடும் ரயிலில் அது மிக நீண்ட நேரம். வேகம் 25 கொண்ட கோடாக்குரோம் II அடுத்த ஆண்டுதான் கடைக்கு வந்தது. ஒரே ஆண்டு பொறுத்திருந்தால் கரடிக்கு முகம் இருந்திருக்கும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஸ்கேன் செய்வதைப் பற்றி ஒரு எச்சரிக்கை, என் சொந்தச் செலவில் கற்றது. தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டறிந்து தானே நீக்கும் வசதி இப்போதைய ஸ்கேனர்கள் பலவற்றில் உண்டு. அதை அணைக்க மறந்து முதல் பத்து ஸ்லைடுகளை ஓட்டினேன். கோடாக்குரோம் அகச்சிவப்பைச் சாதாரண வண்ணப் பிலிம்போலக் கடத்துவதில்லை என்பதால், இருண்ட விளிம்புகளையெல்லாம் ஸ்கேனர் கீறல் என்று எடுத்துக்கொண்டு ‘சரிசெய்து’விட்டது, ராக்கெட்டின் சிவப்புப் பட்டை பல் கடித்ததுபோலப் பிய்ந்துபோயிற்று. பிறகு வசதியை அணைத்து, காற்றுக் குமிழாலும் மெல்லிய தூரிகையாலும் தூசியைத் தட்டி, பத்தையும் திரும்ப எடுத்தேன். ஸ்கேனில் நீலம் தூக்கலாக வருவதும் இந்தப் பிலிமுக்கு இயல்பே. அதைக் காலத்தின் மங்கல் என்று எண்ணிப் பெரிதாகத் திருத்திவிட வேண்டாம். லைட் பாக்ஸில் கண்ணால் பார்த்த நிறத்தை அருகில் வைத்துக்கொண்டு திருத்துவதே சரி. இருண்ட படங்களுக்கு இருமுறை, வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்துச் சேர்த்தபோது, முழுக் கறுப்பாகத் தோன்றிய ஒன்றிலிருந்து காட்டுப் படகுச் சவாரியின் வரிசையில் காத்திருக்கும் ஏழெட்டு முகங்கள் மேலெழுந்தன.

விலைக்கு இது தகுமா? சுவரில் மாட்டவோ நண்பர்களுக்குக் காட்டி வியக்கவைக்கவோ தேடுபவர்கள் பணத்தைச் சேர்த்துவைத்து ஒரே ஒரு நல்ல ஸ்லைடை வாங்கட்டும். பழைய பூங்காவை உள்ளபடி பார்க்க விரும்புபவருக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாங்குமுன் விற்பவரிடம் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: எத்தனை அட்டைச் சட்டத்தில் கோடாக்குரோம் என்ற பெயர் இருக்கிறது, சட்டத்தின் எண்கள் என்னென்ன. முதல் கேள்விக்கான பதில் செங்கல் நிறத்திலிருந்து காப்பாற்றும். இரண்டாவதை நான் கேட்காமல் விட்டேன்.

கோடாக்குரோம் அட்டை ஒவ்வொன்றிலும் சுருளில் அது எத்தனையாவது என்ற எண் இருந்தது. சில எண்கள் இருமுறை வந்ததால் இவை 36 படங்கள் கொண்ட இரண்டு சுருள்கள் என்று தெரிந்தது. சிறுவன் ஒருவனின் மஞ்சள் சட்டை ஒரு சுருளையும், கட்டம் போட்ட சட்டை மற்றொன்றையும் பிரித்துக் காட்டின. அப்படியானால் 39 படங்கள் இங்கே இல்லை. விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். அவை சென்ற ஆண்டே பல கைகளுக்குப் பிரிந்து போய்விட்டன என்று ஒரு வரியில் பதில் வந்தது. இருபது பைகள் கொண்ட பாலிப்ரொப்பிலீன் தாள்களில் இரண்டு சுருள்களையும் எண் வரிசைப்படி அடுக்கி, இல்லாதவற்றின் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். மஞ்சள் சட்டைச் சுருளில் 30ஆம் எண், சிறுவன் எதையோ பார்த்துத் துள்ளி எழுந்ததால் முகம் கரைந்துபோன படம். அவன் எதைப் பார்த்தான் என்பது 31இல் இருந்திருக்கும்.