3,900 டாலர் துப்பாக்கி, உள்ளே அச்சில் பிழிந்த பாகம்

விலையைச் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி இது: "ஏங்க, இதில் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு?" நான் சிரித்துவிட்டேன். நகைக்கடையில் கேட்கிற கேள்வியைத் துப்பாக்கிக்குக் கேட்கிறாளே என்று நினைத்தேன். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. அதை நான் விற்பவரிடம் கேட்டிருந்தால் இந்தப் பதிவை எழுத வேண்டியிருந்திருக்காது.

நான் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி நகரில் இருக்கிறேன். ஹெச்1பி விசாவில் இருந்த காலத்தில் துப்பாக்கிப் பக்கமே போகவில்லை. அந்த விசாவில் இருப்பவர்கள் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் இடம் தருவதில்லை. பச்சை அட்டை வந்த பிறகு, திருநெல்வேலிக்கார அண்ணன் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்துக்கு அழைத்துப் போனார். காகித இலக்கில் சுடுவது எனக்குப் பிடித்துப்போனது. மூச்சை அடக்கி, விசையை மெல்லப் பின்னால் இழுக்கும் அந்த நொடியில் அலுவலகம், கடன், முதுகுவலி எதுவும் நினைவில் இருப்பதில்லை.

600 டாலர் குளோக் கைத்துப்பாக்கியில் தொடங்கினேன். இரண்டு ஆண்டு கழித்து 1911 மீது மோகம் வந்தது. இந்த மோகம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் இதற்குள்தான் இருக்கிறது. 1911 என்பது ஜான் பிரவுனிங் வடிவமைத்த, .45 அங்குலக் குண்டு சுடும் கைத்துப்பாக்கி. 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் 6,000 தோட்டாக்களைச் சிக்கலில்லாமல் சுட்டுத் தள்ளியதால் அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. 1985 வரை அதுதான் அவர்களின் அதிகாரபூர்வக் கைத்துப்பாக்கி. போர்க்காலத்தில் பல நிறுவனங்கள் அதைச் செய்தன. நம் வீடுகளில் தையல் மெஷினாக இருந்த சிங்கர் நிறுவனம்கூட 500 துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. அவற்றில் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் என் வீட்டுக் கடனில் ஒரு பங்கை அடைத்துவிடலாம்.

ஒரு தொழிற்சாலையில் செய்த பாகம் இன்னொரு தொழிற்சாலையின் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. அதனால் பாகங்களுக்கிடையே வேண்டுமென்றே இடைவெளி விட்டுச் செய்தார்கள். சேற்றிலும் மணலிலும் அது ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். பிற்பாடு போட்டிகளில் சுடுகிறவர்கள் அந்த இடைவெளியை ஒழிக்க விரும்பினார்கள். கைவினைஞர் ஒருவர் அளவு கூடுதலாக வந்த பாகத்தை எடுத்து, அரம் வைத்து ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவி உட்காரவைப்பார். குழல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து பூட்டிக்கொள்ளும். ஆர்கன்சாவில் பெரிவில் என்ற சிற்றூரில் மட்டும் வில்சன் காம்பாட், நைட்ஹாக் கஸ்டம் என்று இப்படிப்பட்ட இரண்டு பெயர்பெற்ற பட்டறைகள் இருக்கின்றன. எஃகின் விலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். 900 டாலர் துப்பாக்கிக்கும் 4,000 டாலர் துப்பாக்கிக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் அந்தக் கை உழைத்த மணிநேரம். அதாவது செய்கூலி.

நான் பெரிய பட்டறைகளுக்குப் போகவில்லை. வேறொரு மாநிலத்தில் தனியாளாகப் பட்டறை வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். "ஆண்டுக்கு 30 துப்பாக்கிதான் செய்வேன், ஒவ்வொரு பாகமும் என் கையால்" என்பது அவருடைய விளம்பரம். நம் ஊரில் கூட்டம் இல்லாத பத்தரிடம் போனால் வேலை சுத்தமாக இருக்கும் என்று நினைப்போமே, அதே நினைப்புதான் எனக்கும். மனத்துக்குள் அவருக்கு ஆசாரி என்றே பெயர் வைத்துவிட்டேன்.

2022 ஆகஸ்டில் பேசி முடித்தோம். விலை 3,900 டாலர், பாதி முன்பணம், எட்டு மாதத்தில் கைக்கு வரும். கையால் பொருத்திய குழல், உள்ளே எல்லாம் கட்டி எஃகில் கடைந்த பாகங்கள், பிடியின் முன்புறம் அங்குலத்துக்கு 25 கோடு வீதம் கையால் வெட்டிய கட்டம், மூன்றரை பவுண்டு அழுத்தத்தில் இயங்கும் விசை. எல்லாம் தொலைபேசியில். கடன் அட்டையில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல் என்றார். காசோலை அனுப்பினேன். 58 டாலரை மிச்சப்படுத்திய பெருமையில் அன்று வெளியே சாப்பிட்டோம்.

எட்டு மாதம் பதினேழு மாதம் ஆனது. கேட்கும்போதெல்லாம் "அவசரப்படுத்தினால் கலை வராது" என்பார். 2024 ஜனவரியில் மீதிப் பணத்துக்கு விலைச்சீட்டு வந்தது. அதில் கூடுதலாக ஒரு வரி: கூட்டரசு எக்சைஸ் வரி 10 சதவீதம், 390 டாலர். வரிதானே, அரசாங்கத்துக்குப் போகிறது என்று கட்டிவிட்டேன். வெளிமாநிலத்திலிருந்து கைத்துப்பாக்கி நேராக வீட்டுக்கு வர முடியாது. உள்ளூரில் உரிமம் பெற்ற கடைக்கு வந்தது. துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, எடுத்துக்கொண்டேன்.

கண்ணில் பட்டதெல்லாம் அழகாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டம் வெட்டியது வைரம் வைத்ததுபோல் இருந்தது. நீலம் ஏற்றிய மெருகில் முகம் தெரிந்தது. சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேற்பாகமான ஸ்லைடை ஆட்டிப் பார்த்தேன், இம்மியும் ஆடவில்லை. பெட்டிக்குள் ஒரு காகித இலக்கு, 25 கெஜத்தில் சுட்ட ஐந்து துளைகள், ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போல. மனைவியிடம் காட்டினேன். "காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள்.

முதல் நாளே காலித் தோட்டா வெளியே வராமல் நான்கு முறை சிக்கியது. அழைத்துச் சொன்னேன். "இறுக்கமாகச் செய்த துப்பாக்கி. 500 தோட்டா சுட்டால்தான் பழகும்" என்றார். புதிதாக இறுக்கிச் செய்த துப்பாக்கி பழகக் கொஞ்சம் சுட வேண்டும் என்பதில் உண்மை உண்டு, அதனால்தான் நம்பினேன். ஆனால் 500 தோட்டா என்றால் இருநூற்றைம்பது டாலர். அது வாங்கியவன் செலவு. அந்த வாரங்களில் என் கோபமும் ஆறிப்போகும் என்பது அவர் கணக்காக இருந்திருக்கும்.

மூன்றாவது ஞாயிறு. விசையை ஒருமுறை இழுத்தேன். இரண்டு குண்டு போயின. முதலாவது இலக்கில், இரண்டாவது கூரையை ஒட்டிய மணல் மேட்டில். என் கை நடுங்கியது. சுடுதளப் பொறுப்பாளர் வந்து, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றச் சொல்லி, தோட்டா அறையைப் பார்த்து, "இதை இனி இங்கே எடுத்து வராதீர்கள், சரிசெய்யும்வரை" என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

அவரே சொல்லி அனுப்பிய முதியவர் ஒருவர் நகரின் வடக்கே சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பது ஆண்டாக இந்தத் தொழில்தான். 60 டாலருக்குப் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். இனி வருவது அவர் அந்த அரைமணி நேரத்தில் காட்டியது. காசு கொடுப்பதற்கு முன் நான் கற்றிருக்க வேண்டியது.

தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, ஸ்லைடு மூடியிருக்கும்போது மேல் திறப்பில் தெரியும் குழலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது அமுங்கியது. "கையால் பொருத்திய குழல் அமுங்காது, மகனே" என்றார். துல்லியம் குழல் பூட்டிக்கொள்வதில்தான் பெரும்பாலும் இருக்கிறதாம். ஸ்லைடு ஆடாமல் இருப்பது அதில் சிறு பங்குதான். ஆனால் வாங்குகிறவன் கையில் எடுத்ததும் ஆட்டிப் பார்ப்பது ஸ்லைடைத்தான். அதனால் ஸ்லைடு ஓடுகிற அடிச்சட்டமான ஃபிரேமின் தண்டவாளத்தை அடித்து நெருக்கி ஸ்லைடை மட்டும் இறுக்கியிருந்தார் நம் ஆசாரி. நானூறு தோட்டாவில் அந்த இறுக்கமும் தளர்ந்து லேசாகக் குலுங்கத் தொடங்கியிருந்தது.

பிறகு உள்பாகங்களை வெள்ளைத்துணியில் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். விசையை இழுத்ததும் விழுந்து தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலின் பக்கவாட்டில் சின்ன வட்டத் தழும்புகள். அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் ஊசியின் தடம் அது. உலோகத் தூளைப் பசையோடு குழைத்து, முறுக்கு அச்சில் பிழிவதுபோல் அச்சுக்குள் அழுத்தி, சூளையில் சுட்டெடுக்கும் முறை. எம்ஐஎம் என்பார்கள். அதைக் கேவலமாகச் சொல்ல மாட்டேன், பல நல்ல தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் அவை காலகாலமாக உழைக்கின்றன. ஆனால் கட்டி எஃகில் கடைந்தது என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறாரே. கவரிங்குக்கு 22 காரட் விலை. காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கியும் அதே ரகம். 1911-இல் அந்தக் கொக்கிக்குத் தனியாக ஸ்பிரிங் கிடையாது, அதுவேதான் ஸ்பிரிங்காகவும் வளைந்து கொடுக்க வேண்டும். எஃகு சரியில்லை என்றால் பிடி தளர்ந்துவிடும். முதல் நாள் சிக்கியதற்கு அதுதான் காரணம்.

இரண்டு குண்டு போனதற்கான காரணம் இன்னும் மோசம். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் விளிம்பு நகக்கண் அளவுகூட இல்லாதது. பாகங்களை மாற்றாமலேயே மூன்றரைப் பவுண்டு காட்டுவதற்காக அந்த விளிம்பை அளவுக்கு மீறித் தேய்த்திருந்தார் நம் ஆசாரி. ஸ்லைடு வேகமாக மூடும் அதிர்ச்சியில் சுத்தியல் நழுவி விழுந்திருக்கிறது. "இது விலை கேள்வி இல்லை, யாராவது செத்திருக்கலாம்" என்றார் முதியவர்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இலக்குக் காகிதம் நினைவுக்கு வந்தது. .45 குண்டின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். காகிதத்தில் இருந்த துளைகள் சிறியவையாகத் தெரிந்தன. காகிதம் கிழிந்து கொஞ்சம் மீண்டு சுருங்கும், அவசரப்பட்டுப் பழி போடக் கூடாது என்று, அண்ணனின் .45-ஐயும் என் 9 மில்லிமீட்டர் குளோக்கையும் அதே வகைக் காகிதத்தில் சுட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெட்டியில் வந்த துளைகள் என் குளோக்கின் துளைகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தின. .45 துப்பாக்கிக்குச் சான்றாக 9 மில்லிமீட்டரில் சுட்ட காகிதத்தை வைத்து அனுப்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நீங்கள் இப்படி ஒன்றை வாங்க நினைத்தால் முதலில் உங்கள் கைத்திறனை அளந்துபாருங்கள். கைத்துப்பாக்கிப் போட்டியில் வைக்கும் வழக்கமான இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 3.36 அங்குலம். 50 கெஜத்தில் ஒரு கையால் அதற்குள் போடுகிறவருக்கு நல்ல பட்டறையின் செய்கூலி திரும்பக் கிடைக்கும். 25 கெஜத்தில் நான் சுடுவது ஒரு காபித் தட்டு அகலத்துக்குப் பரவும், எந்தத் துப்பாக்கியானாலும். அப்படியும் அழகுக்காக, கைவேலைக்காக வாங்கலாம். பட்டுப்புடவை குளிருக்காகவா வாங்குகிறோம்? ஆனால் எந்தப் பாகம், எந்த எஃகு, யார் தயாரிப்பு, குழல் எந்த அளவுக்குப் பொருந்தும், எந்தத் தோட்டாவில் சோதித்தது, தாமதமானால் முன்பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பணம் கடன் அட்டையில். அந்த 3 சதவீதத்தை மகிழ்ச்சியோடு கட்டுங்கள்.

நான் பணத்தைத் திரும்பக் கேட்டேன். "நீங்கள் ஏதோ கண்ட தோட்டாவைப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். டெக்சஸ் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 டாலர் வரை கோரலாம் என்று தெரிந்து தெம்பாக இருந்தேன். விலைச்சீட்டின் பின்பக்கப் பொடி எழுத்தில், வழக்கு எதுவானாலும் அவருடைய ஊரில்தான் என்று இருந்தது. விமானம், விடுதி, விடுப்பு எல்லாம் சேர்த்தால் துப்பாக்கி விலையில் பாதி.

கடைசியில் அந்த எக்சைஸ் வரியைப் பற்றிப் படித்தேன். கைத்துப்பாக்கி தயாரிப்பவர்களுக்கு 10 சதவீதம் என்பது உண்மை. ஆனால் ஆண்டுக்கு 50 துப்பாக்கிக்குக் குறைவாகச் செய்பவர்களுக்கு 2005 அக்டோபரிலிருந்து விலக்கு உண்டு. ஆண்டுக்கு 30 என்பது அவரே பெருமையாகப் போட்ட விளம்பரம். விளம்பரத்தையும் விலைச்சீட்டையும் ஒரே பக்கத்தில் நகலெடுத்து, இந்த வரியை வசூலிக்கும் கருவூலத் துறைப் பிரிவின் முகவரியைக் கீழே குறிப்பிட்டு, ஒரு வரி விளக்கமும் இல்லாமல் அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்பதாவது நாள் 390 டாலருக்குக் காசோலை வந்தது. கடிதம் இல்லை. மற்ற 3,900 டாலரைப் பற்றி இன்றுவரை ஒரு பேச்சும் இல்லை.

துப்பாக்கி இப்போது வடக்கே அந்த முதியவரின் மேசையில் இருக்கிறது. புதுக் குழல், புதுக் கொக்கி, சுத்தியல் எல்லாம் சேர்த்து 780 டாலர் ஆகும், பத்து வாரம் ஆகும் என்றார். நான் கேட்பதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே விலையும் தயாரிப்பாளர் பெயரும் எழுதி, அடியில் தன் கூலியைத் தனி வரியில் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்துவிட்டு, "சேதாரம் போடவில்லையே" என்றாள்.